பன்னிரண்டு புள்ளி

வக்கீல் குமாஸ்தாக்களை இனிமேல் யாரும் குமாஸ்தா என்று கூப்பிடக் கூடாது, சட்ட உதவியாளர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சங்கத்தின் பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேறிய அன்று மூன்று பேருக்குப் பல் போயிற்று. ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கியது. தீர்மானத்தை யாரும் எதிர்க்கவில்லை. முன்மொழிவது யார், வழிமொழிவது யார் என்பதில்தான் சின்னக் கருத்து வேறுபாடு.

அன்றைக்குச் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர்களில் கட்டக்காவும் ஒருத்தி. வழக்குக் கட்டுகளை அவளைப் போல இறுக்கமாகவும் நேராகவும் கட்ட அந்தக் கோர்ட்டில் வேறு ஆள் கிடையாது என்பதால் அந்தப் பெயர். இருபத்திரண்டு வருடமாக ஒரே வக்கீலம்மாவிடம் வேலை. வாழ்நாளில் யார் மீதும் கை ஓங்கியதில்லை. வீட்டில் கரப்பான் பூச்சியைக் கூடக் கணவர்தான் அடிக்க வேண்டும்.

பெயர் மாறிய பிறகு தொழிலின் தரம் மளமளவென்று உயர்ந்தது. ஆளுக்கொரு அடையாள அட்டை வந்தது. ஒவ்வொரு வருடமும் சங்கம் நடத்தும் தொழில் மேம்பாட்டு வகுப்புகளில் உட்கார்ந்து பன்னிரண்டு புள்ளி சேர்த்தால்தான் அட்டை உயிரோடு இருக்கும். அட்டை இருந்தால்தான் கோர்ட்டின் தாக்கல் பிரிவில் மனுவை வாங்குவார்கள். வக்கீலே நேரில் போய் நின்றாலும் வாங்க மாட்டார்கள். அது உதவியாளர்களின் தொழில் உரிமை. இந்த உரிமையைப் பெறப் பதினோரு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. நான்கு வக்கீல்கள் மாடிப்படியில் உருண்டார்கள். வெற்றியை அறிவித்துச் சங்கம் ஒட்டிய சுவரொட்டியில் 'தாக்கல் பிரிவு' என்பதற்குப் பதிலாக 'தாக்குதல் பிரிவு' என்று அச்சாகியிருந்தது. அதைத் திருத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

விஷயம் தொடங்கியது ஒரு வியாழக்கிழமை மதியம். கட்டக்கா ஒரு மனுவோடு கவுன்டரில் நின்றாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருந்த கவுன்டர்காரர் அட்டையை இயந்திரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, சிவப்பு காட்டுது."

"என்ன சிவப்பு?"

"பத்து புள்ளிதான் இருக்கு. நேத்தோட வருஷம் முடிஞ்சிருச்சு. இன்னும் ரெண்டு வேணும்."

"இருபத்திரண்டு வருஷமா உங்ககிட்டதானே குடுத்துட்டு இருக்கேன். என்னத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்க்கா. மெஷினுக்குத் தெரியாதே."

அது ஒரு நர்ஸின் மனு. ஆறு மாதத்துக்கு முன் அவள் தன் கணவனுக்கு எதிராகப் பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருந்தாள். அவன் அவள் இருக்கும் இடத்துக்கு ஐம்பது மீட்டருக்குள் வரக் கூடாது. அவன் சட்டத்தை மதிப்பவன். தெருவை அளந்து, ஐம்பத்தோராவது மீட்டரில் சுண்ணாம்பால் கோடு போட்டு, வேலைக்குப் போவது போலத் தினமும் வந்து அங்கே நிற்பான். போன வாரம் அந்தக் கோட்டிலிருந்து ஒரு கருங்கல்லை எறிந்தான். நர்ஸுக்குப் புருவத்துக்கு மேல் ஏழு தையல். போட்டவர்கள் அவளோடு வேலை பார்ப்பவர்களே. காவல் நிலையத்தில், உத்தரவு ஆளுக்குத்தானே, கல்லுக்கு இல்லையே என்று கேட்டார்கள். அந்த உத்தரவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்று ஐந்து மணிக்குள் நீட்டிப்பு மனு தாக்கலானால், விசாரணை வரும்வரை பழைய உத்தரவே செல்லும். ஆகாவிட்டால் சனிக்கிழமை காலையில் அவன் கோட்டைத் தாண்டி நடந்து வரலாம். கதவைத் தட்டலாம்.

கட்டக்கா, வாய்தாவைத் தேடிப் போனாள். அவரும் ஒரு உதவியாளர்தான். எதைக் கேட்டாலும் அடுத்த வாரம் என்பதால் அந்தப் பெயர்.

"உங்க அட்டைய ஒரு பத்து நிமிஷம் குடுங்க. ஒரே ஒரு மனு."

வாய்தா வலது கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு விரல்கள் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"போன வருஷம் ஒருத்தருக்குக் குடுத்தேன். ஒழுக்கக் குழு கூப்பிட்டு மேஜை டிராயர்ல கைய வெக்கச் சொல்லி மூடிட்டாங்க."

"ஐயோ. ரொம்ப வலிச்சுதா?"

"வலி கூடப் பரவாயில்ல. உடனே விளக்கக் கடிதம் எழுதிக் குடுன்னாங்க. அதான் கஷ்டமாப் போச்சு." விரல்களை மறுபடி மடித்து வைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலைல ஒரு வகுப்பு இருக்கே. பத்துல இருந்து ஒண்ணு. ரெண்டு புள்ளி. முடிச்சுட்டு நேரா கவுன்டருக்குப் போயிடலாம்."

வகுப்பின் தலைப்பு: பணியிட முரண்பாடுகளை அமைதியாகக் கையாளுதல்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னாள். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஹெல்மெட் போட்டுட்டுப் போ" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

காலையில் போனால் மண்டபத்தில் பாதிப் பேர் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மண்டபம் விசாலமானது. நாற்காலிகளைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். புத்தக அலமாரி ஒன்று. அதைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் முதலுதவி அலமாரி. சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள். எல்லோரும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பியே நின்றிருந்தார்கள், சேதமில்லாத பக்கம் தெரியும்படி. பத்து மணிக்குக் கதவைப் பூட்டினார்கள். நடுவில் யாரும் நழுவாமல் இருக்க அது ஏற்பாடு.

தலைவர் எழுந்தார். ஆள் அகலம், குரல் மட்டும் குழந்தைக்குப் பால் ஊட்டுகிற மாதிரி மென்மையாக இருக்கும்.

"நம்ம சங்கத்துல வன்முறைக்கு இடம் கிடையாதுன்னு நான் எப்பவும் சொல்லிட்டு வர்றேன். இடம் பத்தலன்னுதான் போன வருஷம் மண்டபத்தப் பெருசாக்கினோம். சில பேர் கேக்குறாங்க, இந்த வகுப்பெல்லாம் எதுக்குன்னு. கேட்டவங்க இப்ப ஆஸ்பத்திரில நல்லா இருக்காங்க. நாம யாரையும் கட்டாயப்படுத்தல. வராதவங்களோட வேலைய மட்டும்தான் நிறுத்துறோம். கல்விங்கறது தானா விரும்பி வரணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். செயலாளரும் அவர் ஆட்களும் மட்டும் தட்டவில்லை. செயலாளர் ஒல்லியானவர். தலைவரோடு மூன்று வருடமாகப் பேச்சு கிடையாது. சான்றிதழில் தலைவர் முத்திரை மேலேயா, செயலாளர் முத்திரை மேலேயா என்பதில் வந்த பகை.

பயிற்சியாளர் வெளியிலிருந்து வந்தவர். பாவம், ஒன்றும் தெரியாது. இஸ்திரி போட்ட சட்டை, திரையில் ஓடும் படங்கள், கையில் சின்ன ரிமோட். கோபம் வரும்போது மூச்சை இழுத்துப் பிடித்து நாலுவரை எண்ண வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் எண்ணினார்கள். கட்டக்கா மனுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு அதையே பத்துத் தடவை செய்தாள்.

"இப்ப ஒரு சின்ன நடிப்பு" என்றார் பயிற்சியாளர். "ரெண்டு பேர் வாங்க. ஜெராக்ஸ் மெஷின்கிட்ட வரிசைல யார் முன்னாடின்னு ஒரு பிரச்சினை. அத எப்படி சுமுகமா பேசித் தீக்கறதுன்னு பாப்போம்."

அவராகவே கை காட்டி இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருவர் தலைவரின் மச்சான். இன்னொருவர் செயலாளரின் சகலை. மண்டபமே மூச்சை இழுத்துப் பிடித்தது.

"நான்தான் முன்னாடி வந்தேன்" என்றார் மச்சான்.

"நீ எப்பவுமே அப்படித்தான் சொல்லுவ. உங்க குடும்பமே அப்படித்தான்" என்றார் சகலை.

"ரொம்ப இயல்பா செய்யறாங்க" என்று பயிற்சியாளர் மகிழ்ந்தார். "இப்ப மூச்சு. ஒண்ணு. ரெண்டு."

இரண்டிலேயே அடி விழுந்தது. சகலை, மேஜை மேலிருந்த பஞ்சிங் மெஷினை எடுத்து மச்சானின் காதோடு சேர்த்து இறக்கினார். மச்சான் விழுந்த வேகத்தில் சகலையின் காலைக் கவ்விக்கொண்டார். கவ்வியது கையால் இல்லை, பல்லால். பயிற்சியாளர், "நடிப்பு போதும், போதும்" என்று நடுவில் போனார். அவருடைய ரிமோட்டாலேயே அவருக்கு நெற்றியில் விழுந்தது. திரையில் படம் மாறியது. 'கேட்டலே முதல் படி' என்று வந்து நின்றது.

அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று வரிசையாகச் சொல்ல முடியாது. நாற்காலி அசையாததால் கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்தார்கள். ஸ்டேப்ளரைத் திறந்து நெற்றியில் அடித்தார்கள். கட்டுத் தைக்கிற கோணி ஊசி ஒருவரின் பின்புறத்தில் நிமிர்ந்து நின்றது. சட்டத் தொகுப்பின் இரண்டாம் பாகம் மூன்றாவது வரிசைக்குப் பறந்தது. முதல் பாகம் ஏற்கனவே முன்வரிசைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கட்டக்கா மேஜைக்கு அடியில் புகுந்து மனுக்கட்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். அவள் மூக்குக்கு முன்னால் ஒரு கடைவாய்ப் பல் உருண்டு வந்து நின்றது. அதில் வெள்ளி அடைத்திருந்தது.

வருகைப் பதிவேட்டைத் தலைவரும் செயலாளரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அது நடுவில் கிழிந்தபோதுதான் சண்டை நின்றது. பதிவேடு கிழிந்தால் யாருக்கும் புள்ளி கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மணி பன்னிரண்டே முக்கால். நிர்வாகக் குழு ஒரு மூலையில் கூடியது. தலைவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு முடிவை வாசித்தார்.

"பதிவேடு இல்லாததால வேற அளவுகோல் வெச்சிருக்கோம். காயம் பட்டவங்க வகுப்புல முழு மனசோட கலந்துக்கிட்டாங்கன்னு எடுத்துக்கறோம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல இருந்தா ரெண்டு புள்ளி. காயம் இல்லாதவங்க வகுப்பக் கவனிக்கல. அவங்க ஆறு மணி வரைக்கும் உக்காந்து மறுபடி படிக்கணும்."

அளவைத் துணைக்குழு ஸ்கேலை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்தது. காயங்கள் நிறைய இருந்ததால் கட்டக்காவிடம் வரும்போது மணி மூன்று. அவளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள்.

"என்னக்கா, ஒரு கீறல் கூட இல்லையே" என்றார் குழுக்காரர், ஏமாற்றத்தோடு. "உக்காருங்க."

"அஞ்சு மணிக்குள்ள ஒரு மனு போடணும். ஒரு பொம்பளப் புள்ளயோட உசுரு விஷயம்."

"அதுக்கு எங்ககிட்ட ஸ்கேல் இல்லக்கா."

அந்த நேரத்தில் கதவு திறந்தது. வாசலில் சீருடையோடு நர்ஸ் நின்றாள். கட்டக்காவின் போன் எடுபடாததால் தேடிக்கொண்டு வந்திருந்தாள். காயம் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய ஆள் என்று நினைத்து வாசல்காரர் உள்ளே விட்டுவிட்டார். கட்டக்காவிடம் வந்து சேர்வதற்குள் இரண்டு பேருக்கு ரத்தத்தை நிறுத்தி, பயிற்சியாளரின் நெற்றிக்குப் பஞ்சு வைத்தாள். பயிற்சியாளர் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார். நூற்றி எழுபதைத் தாண்டியிருந்தார்.

குழுக்காரர் நர்ஸின் புருவத்தைப் பார்த்து ஸ்கேலைத் தூக்கினார். "நாலு சென்டிமீட்டர். இன்னிக்கு இதுதான் பெருசு. எந்த ஆபீஸ் நீங்க?"

"இது இங்க பட்டது இல்ல" என்றாள் நர்ஸ். "வீட்டுக்காரர் கல்லால அடிச்சது."

"ஓ, வெளில பட்டதா." அவர் ஸ்கேலை மடக்கிப் பையில் வைத்தார். "வெளி அனுபவத்துக்குப் புள்ளி கிடையாதும்மா."

கட்டக்கா வாய்தாவிடம் போய் நின்றாள். "என்ன ஒண்ணு அடிங்க. எங்கயாவது. ஒரு சென்டிமீட்டர்."

வாய்தா பதறிப் போனார். அன்று மதியம்தான் ஒரு மனிதனின் விலா எலும்பை உடைத்திருந்தார். "உங்களயா? எத்தன தடவ என் கட்டுகளயெல்லாம் பிரிச்சுத் திரும்பக் கட்டிக் குடுத்திருக்கீங்க. எப்படிக்கா மனசு வரும்? அடுத்த வாரம் வேணா பாப்போம்."

மச்சானிடம் கேட்டாள். காதில் கட்டோடு இருந்த அவர் இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டார். "பெண்கள் மேல கை வெக்கறது சங்க விதிக்கே விரோதம்க்கா. நாங்க அப்படி வளந்தவங்க இல்ல."

நர்ஸ் பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தாள். நாலு அடிக்கப் பத்து நிமிடம்.

கட்டக்கா மேடையேறித் தலைவர் முன்னால் நின்றாள். நடந்தது எல்லாவற்றையும் பொறுமையாக, மனுவில் எழுதுவது போலத் தேதியோடு சொன்னாள். சனிக்கிழமை காலையில் என்ன நடக்கும் என்பதையும் சொன்னாள். தலைவர் முழுவதையும் கேட்டார். அவர் சட்டையில் ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது.

"எனக்கு வருத்தமா இருக்கும்மா" என்றார், அதே மென்மையான குரலில். "ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. இன்னிக்கு உனக்காக வளைச்சா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. விதிய மதிக்கலன்னா நமக்கும் மிருகத்துக்கும் என்ன வித்தி..."

கட்டக்கா அவர் வாயில் குத்தினாள்.

தனக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கனமான கட்டுகளை இருபத்திரண்டு வருடம் இறுக்கி இறுக்கி முறுக்கேறிய கை. தலைவரின் உதடு பிளந்தது. தலை பின்னுக்குப் போய் முன்னுக்கு வந்தது. வந்ததும் இன்னொன்று கொடுத்தாள், மூக்கில். காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. மேஜை மேலிருந்த முத்திரைகள் சிதறின. தலைவர் நாற்காலியில் சரிந்தார்.

மண்டபம் அமைதியானது. அந்த வருடத்தில் அங்கே அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை.

முதலில் அசைந்தவர் அளவைத் துணைக்குழுக்காரர். கட்டக்காவின் வலது கையைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். தலைவரின் பல் பட்டு நடுவிரல் முட்டி கிழிந்து ரத்தம் சொட்டியது. ஸ்கேலை வைத்தார்.

"ஒண்ணேகால். ரெண்டு புள்ளி."

செயலாளர் ஓடி வந்து முத்திரையைத் தேடி எடுத்து அட்டையில் ஓங்கிக் குத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் மனைவி கூடப் பார்த்திருக்க மாட்டாள். தலைவர் மூக்கைப் பிடித்தபடி, "என் முத்திரை இல்லாம செல்லாது" என்று கை நீட்டினார். நர்ஸ் அவர் முத்திரையைத் தரையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவரும் குத்தினார். செயலாளர் முத்திரைக்கு மேலே.

நாலு மணி ஐம்பத்திரண்டுக்குக் கட்டக்கா கவுன்டரில் நின்றாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"பச்ச காட்டுதுக்கா" என்றார் கவுன்டர்காரர். பக்கங்களைப் புரட்டினார். "மூணாம் பக்கத்துல ரத்தம் இருக்கே. மனுதாரரோடதா?"

"இல்ல. சங்கத்தோடது."

"அப்ப பரவாயில்ல." தேதி முத்திரை விழுந்தது.

கோர்ட்டு வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நர்ஸ் கைப்பையைத் திறந்து கட்டக்காவின் விரலைக் கழுவி மருந்து வைத்தாள். மெதுவாகத்தான் செய்தாள்.

"மொத அடி எனக்காக" என்றாள், விரலைப் பார்த்தபடியே. "ரெண்டாவது எதுக்குக்கா?"

கட்டக்கா பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"நல்லா இருந்துச்சு" என்றாள். "அதான் பயமா இருக்கு."

நர்ஸ் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரரும் மொத தடவ அப்படித்தான் பயந்தாரு. ராத்திரியெல்லாம் அழுதாரு. ரெண்டாவது தடவ கொஞ்சமா அழுதாரு." முடிச்சுப் போட்டாள். "வலிக்குதா?"

"இல்ல" என்றாள் கட்டக்கா. ஆனால் அழுதாள்.

மனு விசாரணைக்கு வந்தபோது வக்கீலம்மா ஒரு மணி நேரம் வாதாடி, உத்தரவில் 'எறியும் பொருட்கள் உட்பட' என்று மூன்று வார்த்தை சேர்க்க வைத்தார். ஒரு வருடம் நீட்டிப்பு. கணவன் இப்போதும் கோட்டில் வந்து நிற்கிறான், வெறுங்கையோடு. நர்ஸ் வீடு மாற்றப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சங்கத்தில் கட்டக்கா மீது நடவடிக்கை எடுப்பார்கள் என்று அவள் கணவர் ஒரு வாரம் பயந்தார். ஞாயிற்றுக்கிழமை தலைவரும் செயலாளரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். மூன்று வருடத்தில் இருவரும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு: அவளைத் துணைத் தலைவராக ஆக்குவது.

"இப்படி ஒரு திறமைய இத்தன வருஷமா மறைச்சு வெச்சிருந்தியேம்மா" என்றார் தலைவர். பிளாஸ்திரிக்குள்ளிருந்து வந்ததால் குரல் இன்னும் மென்மையாக இருந்தது.

"எனக்கு வேணாங்க. அன்னிக்கு அடிச்சதுக்கு மன்னிச்சுடுங்க."

"பாத்தீங்களா அடக்கத்த" என்றார் செயலாளர்.

மறுத்து எழுதிக் கொடுத்தாள். மறுப்புக் கடிதம் கொடுக்க நிர்வாகியாக இருந்து மூன்று புள்ளி சேர்த்திருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போட்டியின்றித் தேர்வானாள். எதிர்த்து நிற்க ஒருவரும் வரவில்லை.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை மேடையில், தலைவருக்கும் செயலாளருக்கும் நடுவில் அவளுக்கு நாற்காலி. கூட்டம் தொடங்கியதும் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொள்வாள். கீழே பஞ்சிங் மெஷின் பறந்தாலும் முடியும்வரை எடுக்க மாட்டாள். கை மரத்துப் போகும். ஏன் அப்படி உட்காருகிறாள் என்று யாரும் கேட்டதில்லை. தலைமைப் பண்பு என்று நினைத்துக்கொண்டார்கள். முதலில் முன்வரிசைக்காரர்கள் அப்படி உட்காரப் பழகினார்கள், பிறகு எல்லோரும். போன மாதத்திலிருந்து அதற்குத் தனி வகுப்பு நடக்கிறது. அரை மணி நேரம், ஒரு புள்ளி. முதல் வகுப்பில் எந்தக் கை மேலே என்பதில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது.